பாராசூட்டுக்குக் காப்புரிமை என்று ஒன்று உண்டா?

கேள்வி, பிப்ரவரி 8

"1485 வாக்கிலேயே டாவின்சி பாராசூட்டை வரைந்து வைத்துவிட்டார். அப்புறம் 20ஆம் நூற்றாண்டில் ஆளாளுக்குப் பாராசூட்டுக்குக் காப்புரிமை வாங்கியது எப்படி? ஊர்ச்சொத்தைத் தன் பேரில் எழுதிக்கொள்வதுதானே இது? சாஃப்ட்வேர், மருத்துவக் கருவி, குழாய்ப்பாதை எல்லாவற்றிலும் இதே கதைதான் என்று நினைக்கிறேன்."

பிப்ரவரி 8, இரவு

பாராசூட்டுக்கு மொத்தமாக யாரும் காப்புரிமை வாங்கியதில்லை. ஒரு மடிப்பு, ஒரு கொக்கி, ஒரு பை, இப்படித் துண்டு துண்டாகத்தான் வாங்கினார்கள்.

காப்புரிமை ஆவணத்தில் தலைப்பைப் படித்துவிட்டு, படத்தைப் பார்த்துவிட்டு, "அடப்பாவி, இதற்குமா?" என்று நாம் கோபப்படுகிறோம். நானும் பல வருடம் அப்படித்தான் இருந்தேன். கடைசிப் பக்கங்களில் எண் போட்டுச் சில வாக்கியங்கள் இருக்கும். அதுதான் க்ளெய்ம். எத்தனை நீளமானாலும் ஒரு க்ளெய்முக்கு ஒரே வாக்கியம், முற்றுப்புள்ளி கடைசியில் ஒன்றே ஒன்று. நிலப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவோமே, வடக்கே வாய்க்கால், தெற்கே வண்டிப்பாதை என்று, அந்த மாதிரி. பத்திரத்தின் மேல் அட்டையில் என்ன போட்டிருந்தாலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் உங்களுடையது இல்லை.

நான் வக்கீல் இல்லை. கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு முறை விண்ணப்பித்துக் கையைச் சுட்டுக்கொண்டவன். அதிலிருந்து ராத்திரியில் பழைய காப்புரிமைகளைப் படிக்கும் வியாதி வந்துவிட்டது.

பிப்ரவரி 9

நேற்று எழுதியதில் திருத்தம். "யாரும் வாங்கியதில்லை" என்று அடித்துச் சொல்லியிருக்கக் கூடாது. பாரிஸில் 1797இல் பலூனிலிருந்து பாராசூட்டில் இறங்கிக் காட்டிய கார்னெரின் தெரியும்தானே? அவர் சார்பில் அவருடைய மாணவியும் மனைவியுமான ழான் லாப்ரோஸ் 1802 அக்டோபரில் "பாராசூட் என்னும் சாதனம்" என்றே விண்ணப்பம் போட்டிருக்கிறார். அந்த அம்மாவும் பலூனிலிருந்து குதித்தவர்தான்.

ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது பாருங்கள். பலூன் வெடித்தால் கூடையின் வீழ்ச்சியைத் தடுக்கும் ஒரு துணிக் குல்லாய், அதன் கீழே விளிம்பைச் சற்று விரித்துப் பிடிக்கும் ஒரு மரவளையம். அவர் செக்குபந்திக்குள் இருப்பது மரவளையமும் சேர்ந்த பாராசூட். வளையத்தை எடுத்துவிட்டு ஒருவன் குதித்தால்? அங்கேதான் வக்கீலுக்கு வேலை.

பிப்ரவரி 9, மறுபடியும்

டாவின்சியை விடமாட்டேன் என்று இரண்டு பேர் நிற்கிறார்கள். சரி. 2000ஆம் ஆண்டு ஏட்ரியன் நிக்கோலஸ் என்ற ஆங்கிலேயர் அந்தப் படத்தை வைத்தே மரச்சட்டமும் கேன்வாஸும் கொண்டு செய்து தென்னாப்பிரிக்காவில் பறந்து காட்டினார். நிதானமாக இறங்கியது. எடை மட்டும் 85 கிலோ. தரையில் இறங்கினால் சட்டம் தலைமேல் விழும் என்பதால் கடைசி இரண்டாயிரம் அடியில் அதைக் கழற்றிவிட்டுச் சாதாரண பாராசூட்டில்தான் இறங்கினார். டாவின்சி ஜெயித்தார் என்றும் சொல்லலாம், மற்றதுக்குத்தான் காப்புரிமைக்காரர்கள் தேவைப்பட்டார்கள் என்றும் சொல்லலாம்.

பிப்ரவரி 11

"துண்டு துண்டாக என்றால் என்ன, ஒன்றைக் காட்டுங்கள்" என்று கேட்ட தம்பிக்கு.

விரிந்த பாராசூட் சிக்கிக்கொண்டால் குதித்தவர் அதைக் கழற்றி எறிந்துவிட்டு மாற்றுப் பாராசூட்டைத் திறக்க வேண்டும். முன்பு இரண்டு தோளிலும் இரண்டு உலோகக் கொக்கி. தனித்தனியாகத் திறக்க வேண்டும். ஒன்று கழன்று மற்றொன்று மாட்டிக்கொண்டால் கதை முடிந்தது. பில் பூத் என்ற அமெரிக்கர் 1970களின் கடைசியில் இதற்கு மூன்று வளையம் போட்டார். காப்புரிமை 1982இல் கிடைத்தது. உலகம் முழுக்க இன்று குதிப்பவர்கள் தோளில் இருப்பது பெரும்பாலும் அதுதான்.

படத்தைப் பார்த்து எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பட்டறையில் கம்பியை வளைத்துப் பெரிசு, நடுத்தரம், சின்னது என்று மூன்று வளையம் செய்தேன். பெரியதை உத்தரத்தில் கட்டினேன். பழைய சீட்பெல்ட் பட்டையில் மற்ற இரண்டையும் தைத்து, பட்டையின் நுனியில் 25 கிலோ அரிசி மூட்டை. நடு வளையத்தைப் பெரியதற்குள் விட்டு மடித்து, சின்னதை நடுவளையத்துக்குள் விட்டு மடித்து, சின்னதைப் பூக்கட்டும் நூலில் ஒரு சுருக்குப் போட்டுப் பிடித்து, சுருக்குக்குள் சைக்கிள் பிரேக் கம்பியைச் செருகினேன். பூக்கட்டும் நூல்! மூட்டை தொங்குகிறது. ஒவ்வொரு வளையமும் நெம்புகோல் மாதிரி வேலை செய்து பாரத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது, நூலுக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான். கம்பியை இரண்டு விரலால் உருவினேன். டக் டக் டக் என்று மூன்றும் புரண்டு மூட்டை கீழே. அரிசி சிதறியதற்கு வீட்டில் கிடைத்த பாட்டு தனி.

நிஜத்தில் அந்தக் கம்பிக்கு மஞ்சள் பிளாஸ்டிக் உறை உண்டு, வழுக்கிக்கொண்டு வரட்டும் என்று. ஒரே கைப்பிடியை இழுத்தால் இரண்டு தோளும் விடுபடும். பூத் பாராசூட்டைக் கேட்கவில்லை. மூன்று வளையம் மடியும் விதத்தைக் கேட்டார். டாவின்சி படத்தில் அது எங்கே இருக்கிறது, காட்டுங்கள்.

பிப்ரவரி 12

இன்னொன்று, சின்னதாக. இப்போது எல்லோரும் குதிக்கும் செவ்வக பாராசூட், காற்றுப் புகுந்து உப்பும் அறை அறையாக இருப்பது, டொமினா ஜால்பெர்ட் என்பவருடையது. அடிப்படையில் பட்டம் செய்பவர். 1964இல் விண்ணப்பித்து 1966இல் வாங்கினார். தலைப்பில் பாராசூட் என்ற சொல்லே கிடையாது. பல அறைகள் கொண்ட சிறகு வகை வான் சாதனம் என்கிற பொருளில்தான் பெயர். பட்டமாகவும் இருக்கலாம், பாராசூட்டாகவும் இருக்கலாம், எல்லையை அகலமாகப் போட்டுவிட்டார். கெட்டிக்காரர். நான் அப்படிச் செய்யவில்லை.

பிப்ரவரி 15

"கையைச் சுட்டுக்கொண்டது எப்படி?" என்று நாலு பேர் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன்.

கிணற்று மோட்டாரின் உறிஞ்சு குழாய் அடியில் ஃபுட்வால்வு இருக்கும். எங்கள் பக்கத்து விவசாயிகள் பலருக்கு அது ஃபுட்பால். தண்ணீரை மேலே விடும், கீழே விடாது. சல்லடையில் பாசியும் தழையும் அடைத்துக்கொண்டால் யாராவது கிணற்றில் இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். நான் செய்தது: மேலிருந்து ஒரு கம்பியை இழுத்தால் உள்ளே இருக்கும் தட்டு தூக்கும், குழாயில் நிற்கும் தண்ணீர் மொத்தமும் ஒரே வேகத்தில் கீழே பாய்ந்து சல்லடையை உதறிவிடும். கம்பியை விட்டால் ஸ்பிரிங் தட்டைப் பழையபடி மூடும். இறங்க வேண்டாம்.

சந்தோஷத்தில் ஒரு தொழில் கண்காட்சியில் கடை போட்டேன். துண்டுப் பிரசுரம் அடித்தேன், குறுக்குவெட்டுப் படத்தோடு. இரண்டு பக்கமும் கலர். வந்தவர்கள் கையில் எல்லாம் திணித்தேன். அதற்கு ஆறு வாரம் கழித்துத்தான் விண்ணப்பம் போட்டேன்.

18 மாதத்தில் விண்ணப்பம் வெளியானது. அப்புறம் ஒருநாள் என் விண்ணப்பத்தைக் கவனித்த காப்புரிமை ஏஜென்ட் கூப்பிட்டார். காப்புரிமை தரக் கூடாது என்று எதிர்ப்பு மனு வந்திருக்கிறது என்றார். யார் வேண்டுமானாலும் போடலாம், அது சட்டம். மனுவோடு என் பிரசுரத்தை இணைத்திருந்தார்கள். கண்காட்சித் தேதியும் என் கடை எண்ணும் அதில் பெரிய எழுத்தில் நான் அச்சடித்தது. விண்ணப்பத்துக்கு முன்பே உலகத்துக்குச் சொல்லிவிட்டாய், இனி அது புதுமை இல்லை. எனக்கு எதிராகச் சாட்சி சொன்னது நானே.

எதிர்ப்பு போட்டவர் மேல் கோபம் இருந்தது. இப்போது பிரசுரத்தின் மேல்தான் இருக்கிறது. ஒன்று பத்திரமாக வைத்திருக்கிறேன். கலர் இன்னும் மங்கவில்லை.

பிப்ரவரி 16

"கண்காட்சியில் காட்டினால் ஓராண்டு சலுகை உண்டே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உண்டு, நம் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 31. ஆனால் அது எந்தக் கண்காட்சிக்குப் பொருந்தும் என்று மத்திய அரசு அரசிதழில் அறிவித்திருக்க வேண்டும். நான் போன இடம் அப்படி இல்லை. அறிவித்த கண்காட்சியாக இருந்தாலும் அது தொடங்கிய நாளிலிருந்து 12 மாதத்துக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும்.

காட்டுவதற்கு முதல் நாள் ஒரு புரொவிஷனல், அதாவது முழு விவரம் இல்லாத முதல்கட்ட விண்ணப்பம், போட்டிருந்தால் போதும். முழு விவரம் எழுத 12 மாதம் அவகாசம் கிடைத்திருக்கும். கலர் பிரசுரத்துக்கு ஆன செலவைவிட அது குறைவு என்று ஏஜென்ட் சொன்னபோது எழுந்து வந்துவிட்டேன்.

பிப்ரவரி 20

சாஃப்ட்வேர் தம்பிகள் வந்துவிட்டார்கள். எனக்குத் தெரிந்தது கொஞ்சம்.

நம் சட்டத்தில் பிரிவு 3(கே). கணித முறை, வியாபார முறை, அல்காரிதம் இவற்றுக்குக் காப்புரிமை இல்லை. கணினி நிரலுக்கும் இல்லை, ஆனால் அங்கே "பெர் சே" என்று இரண்டு குட்டி லத்தீன் சொல்லைச் செருகி வைத்திருக்கிறார்கள். வெறும் நிரலாக மட்டும் இருந்தால் இல்லை என்று பொருள். அந்த இரண்டு சொல்லுக்குத்தான் இருபது வருடமாக அடிதடி. 2004 கடைசியில் வந்த அவசரச் சட்டம் கதவைக் கொஞ்சம் அகலத் திறக்கப் பார்த்தது, 2005இல் நாடாளுமன்றம் அதை ஏற்கவில்லை. 2019இல் ஃபெரிட் அல்லானி வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம், நிரல் இருக்கிறது என்பதற்காகவே தள்ளிவிடக் கூடாது, தொழில்நுட்ப விளைவு உண்டா என்று பாருங்கள் என்றது. ஆக, ஆப் செய்கிறேன் என்று போனால் கதவு மூடும். அந்த நிரலால் கருவி என்ன புதிதாகச் செய்கிறது என்று காட்டினால் உட்காரச் சொல்வார்கள். அதற்கப்புறம் உங்கள் பாடு.

ஜிஃப் படத்தின் கதை எனக்குப் பிடிக்கும். படத்தைச் சுருக்கும் எல்.இசட்.டபிள்யூ. முறையைச் சுருக்கமாகச் சொன்னால், "மேலே மேலே மேலே" என்று வந்தால் ஒவ்வொரு முறையும் முழுதாக எழுதாமல், வந்த துண்டுகளுக்கு எண் கொடுத்துக்கொண்டே போய், அடுத்த தடவை எண்ணை மட்டும் எழுதுவது. டெரி வெல்ச் என்பவர் 1983 ஜூன் 20இல் விண்ணப்பித்தார், 1985இல் கிடைத்தது, யுனிசிஸ் என்ற கணினிக் கம்பெனி கைக்குப் போனது. இது தெரியாமல் காம்ப்யுசர்வ் என்ற இன்னொரு கம்பெனி 1987இல் அதே முறையை வைத்து ஜிஃப் கொண்டுவந்துவிட்டது. உலகமே பயன்படுத்தத் தொடங்கி ஏழு வருடம் கழித்து, 1994 டிசம்பரில், "மென்பொருளில் ஜிஃப் வைத்தால் உரிமக் கட்டணம்" என்று அறிவிப்பு. கோபத்தில் கூடி உட்கார்ந்து ஜிஃப்புக்கு மாற்றாகச் செய்த பட வகைதான் பி.என்.ஜி. 2003 ஜூன் 20இல் அமெரிக்கக் காப்புரிமை காலாவதியானது. பி.என்.ஜி. போகவில்லை, இங்கேயே தங்கிவிட்டது.

என் கதைக்கு நேர் எதிர் இது. நான் முதலில் ஊருக்குச் சொல்லிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தேன். அவர்கள் விண்ணப்பித்து வாங்கிவைத்திருந்ததை ஊர் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 23

குழாய்ப்பாதை. அலாஸ்கா எண்ணெய்க் குழாயைப் படத்தில் பார்த்திருப்பீர்கள், பனியில் கால் ஊன்றி வளைந்து வளைந்து போகும். 1977இல் எண்ணெய் ஓடத் தொடங்கியது. மொத்தம் 1,287 கி.மீ., பாதிக்கு மேல் தரைக்கு மேலே. ஏன் மேலே? எண்ணெய் சூடு. புதைத்தால் காலங்காலமாக உறைந்து கிடக்கும் மண் உருகிச் சேறாகும், குழாய் அமுங்கிவிடும்.

மேலே தூக்கினாலும் கால் வழியே சூடு இறங்குமே? காலின் உச்சியில் இரண்டு கொம்பு மாதிரி அலுமினியத் துடுப்புகள் நீட்டிக்கொண்டிருக்கும். அழகுக்கு என்று நினைத்திருந்தேன். அது வெப்பக் குழாயின் தலை. மூடிய குழாய்க்குள் அமோனியா. குளிர்காலத்தில் காற்றைவிட மண் கொஞ்சம் சூடு. அடியில் அமோனியா ஆவியாகி மேலே போய், துடுப்பில் குளிர்ந்து, திரவமாகிக் கீழே வழியும். போகும்போதெல்லாம் மண்ணின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். கோடையில் மேலே சூடு, கீழே குளிர். ஆவியே எழாது, எல்லாம் நின்றுவிடும். மோட்டார் இல்லை, வால்வு இல்லை. சூடு மேலே போகலாம், கீழே வரக் கூடாது. படித்துவிட்டு எழுந்து நடந்தேன். இது ஃபுட்வால்வு! வெப்பத்துக்குப் போட்ட ஃபுட்வால்வு!

இந்த வெப்பக் குழாயை 1963இல் அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ஜார்ஜ் குரோவர் கண்டுபிடித்தார்.

பிப்ரவரி 24

நேற்றைய கடைசி வரி தவறு. தவறில் ஒரு சுவாரசியமும் இருக்கிறது.

குரோவருக்கு முன்பே, ஜெனரல் மோட்டார்ஸில் குளிர்பதனப் பெட்டி வேலையில் இருந்த ரிச்சர்ட் காக்லர் 1942இல் விண்ணப்பித்து வாங்கியிருக்கிறார். கம்பெனி அதை வைத்து ஒன்றும் செய்யவில்லை. இருபது வருடம் கழித்து குரோவர் தானாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அதற்கும் முன்னால் 19ஆம் நூற்றாண்டிலேயே லண்டனில் பெர்கின்ஸ் குடும்பம், மூடிய குழாயில் தண்ணீர் ஆவியாகி, குளிர்ந்து, வழிவதைக் காப்புரிமையோடு விற்றுக்கொண்டிருந்தது. அப்படியென்றால் காக்லருக்கு எப்படிக் கொடுத்தார்கள்? படித்துப் பார்த்தேன். அவர் உள்ளே ஒரு திரி வைக்கிறார். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிற மாதிரி, குளிர்ந்த திரவத்தை அது மேல்நோக்கியும் இழுத்துக்கொண்டு வரும். பெர்கின்ஸ் குழாயில் திரவம் கீழேதான் வழியும். திரிதான் காக்லரின் செக்குபந்தி. இன்று உங்கள் லேப்டாப்பில் செயலியைக் குளிர்விக்கும் தட்டைக் குழாயில் இருப்பது காக்லர் வழி. அலாஸ்காவில் திரி வேண்டாம், புவியீர்ப்பு போதும். ஆகவே அது பெர்கின்ஸ் வழி. நான் இரண்டையும் போட்டுக் குழப்பிவிட்டேன்.

காக்லருக்குக் காப்புரிமை கிடைத்த தேதி 1944 ஜூன் 6. அமெரிக்காவில் செவ்வாய்க்கிழமைதான் காப்புரிமை வழங்குவார்கள், அது ஒரு செவ்வாய். அன்று விடியுமுன், இரண்டாம் உலகப் போரில், பிரான்ஸின் நார்மண்டியில் ஆயிரக்கணக்கானவர்கள் பாராசூட்டில் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் சம்பந்தம் இல்லை. இந்த இழை பாராசூட்டில் ஆரம்பித்ததால் சொன்னேன்.

மார்ச் 2

மருத்துவம் பற்றி எழுதத் தயங்கினேன். அம்மாவைக் கண்புரை அறுவைக்கு மதுரை கூட்டிப்போய் வந்த சூட்டில் எழுதுகிறேன். மறுநாளே கட்டைப் பிரித்துவிட்டார்கள், தையல் இல்லை.

அந்தத் தையலில்லாத வெட்டுக்கு அமெரிக்காவில் ஒரு காப்புரிமை இருந்தது. சாமுவேல் பாலின் என்ற கண் மருத்துவர் 1992இல் வாங்கினார். வெட்டின் வடிவம்தான் க்ளெய்ம். வெர்மான்ட் மாநிலத்தில் இன்னொரு மருத்துவர் அந்த வெட்டைப் போடுகிறார் என்று வழக்குப் போட்டார். மருத்துவர்கள் கொதித்துவிட்டார்கள். 1996இல் அந்த க்ளெய்ம்கள் செல்லாமல் போயின. அதே வருடம், இம்மாதிரி அறுவை முறைகளுக்காக மருத்துவர்மீது காப்புரிமை வழக்கில் நஷ்டஈடு கேட்க முடியாதபடி அமெரிக்கச் சட்டமும் மாறியது. நம் ஊரில் பிரிவு 3(ஐ) சிகிச்சை முறைக்குக் காப்புரிமையே கிடையாது என்கிறது. கத்திக்கு உண்டு, வெட்டுக்கு இல்லை. எனக்கு இது நியாயமாகப் படுகிறது. முதல் நாள் கேள்வி கேட்டவர் கோபத்தில் இந்த அளவுக்கு நியாயம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன்.

கருவி என்றால் எம்.ஆர்.ஐ. கதை. ரேமண்ட் டமாடியன் 1972இல் விண்ணப்பித்து 1974இல் வாங்கினார், திசுவில் புற்றுநோயைக் கண்டறியும் கருவியும் முறையும் என்று. 1997இல் ஜெனரல் எலெக்ட்ரிக் அவருக்கு 12 கோடி டாலருக்கு மேல் கொடுக்க வேண்டிவந்தது. படமாக்கும் வழியைக் கண்ட பால் லாட்டர்பர் காப்புரிமைக்கு முயன்றபோது, செலவுக்குக் கட்டாது என்று அவருடைய பல்கலைக்கழகம் விட்டுவிட்டது. 2003இல் நோபல் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமாடியன் பத்திரிகைகளில் முழுப்பக்க விளம்பரம் போட்டுச் சண்டை பிடித்தார். ஒருவருக்குக் காசு, ஒருவருக்குப் பரிசு. யார் இடத்தில் இருக்க ஆசை என்று என் மகனைக் கேட்டேன். "எம்.ஆர்.ஐ. எடுக்காம இருக்கிற இடத்துல" என்றான்.

மார்ச் 9

ஃபுட்வால்வு பற்றி இனி எழுதுவதில்லை என்றிருந்தேன். ஜால்பெர்ட் எல்லையை அகலமாகப் போட்டார் என்று எழுதியதிலிருந்து ஒரு உறுத்தல். பழைய கோப்பை எடுத்து என் முதல் க்ளெய்மைப் படித்தேன். "…கம்பியை விட்டவுடன் துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் ஒன்றால் தட்டு மூடப்படுவதும்…" ஏஜென்ட் எழுதவில்லை, நான்தான் வற்புறுத்திச் சேர்த்தேன். ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க மூன்று மாதம் ஆனது, அந்தப் பெருமை. பிரசுரம் என்னைக் கவிழ்க்காமல் இருந்திருந்தாலும், ஸ்பிரிங் இல்லாமல் செய்கிறவனை இந்த வாக்கியம் தொட்டிருக்காது.

செய்கிறவனும் இருக்கிறான். எங்கள் தெருவுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பட்டறையில் கம்பி இழுக்கும் ஃபுட்வால்வு விற்கிறார்கள். போன வாரம் யாரென்று சொல்லாமல் ஒன்று வாங்கிவந்து வைஸில் மாட்டிப் பிரித்தேன். ஸ்பிரிங் இல்லை. தட்டின் முதுகில் ஒரு ஈயக்கட்டி. கம்பியை விட்டால் தன் கனத்தில் தானே விழுந்து மூடிக்கொள்கிறது. என் ஸ்பிரிங்கின் சுருளுக்குள் மணல் புகுந்து ஆறு மாதத்தில் விறைத்துவிடும், அது தெரிந்தும் வேறு வழி தோன்றாமல் இருந்தேன்.

திரும்பப் பூட்டி என் தோட்டத்துக் கிணற்றில் இறக்கிவிட்டேன். மூன்று முறை கம்பியை இழுத்துப் பார்த்தாயிற்று. நன்றாக மூடுகிறது.